பின்னால் போகாத வண்டி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'ஒருவழி' என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் 'ஒருவழி அண்ணே'. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், யாரோ பட்டம் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். காரணம் அவருடைய பிக்கப் வண்டி. அது முன்னால் போகும். பின்னால் போகாது.

வாங்கியபோது போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிட, முன்னால் எடு பின்னால் எடு என்று அவர் முறுக்கிய முறுக்கில் கியர் பாக்ஸுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. அன்றோடு ரிவர்ஸ் போயிற்று. கியரைப் போட்டால் வண்டி உறுமும், இருந்த இடத்தை விட்டு அசையாது.

இத்தனைக்கும் மச்சினன் நான் மெக்கானிக். "கொண்டாங்க அத்தான், கழட்டிப் பாத்துடலாம்" என்று அன்றைக்கே சொன்னேன்.

"வண்டி எதுக்கு மாப்ளே? முன்னால போறதுக்கு. போகுதில்ல, விடு" என்றார்.

அப்போது கையில் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். காசு வந்த பிறகும் அதையேதான் சொன்னார். அவர் அப்படித்தான். ஒன்று இல்லாமல் பழகிவிட்டால், அது இல்லாததையே பெருமையாகப் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு வரவே வராது. அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதோ என்னவோ.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பூந்தொட்டி, மூட்டை மூட்டையாகத் துணி. பின்னால் போகாத வண்டியை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியுமா என்று யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். அத்தான் செய்தார். ஊரில் எந்தச் சந்து எந்தத் தெருவில் போய்ச் சேரும், எங்கே வட்டமடித்துத் திரும்பலாம், எந்த மேட்டில் நிறுத்தினால் பிரேக்கை விட்டதும் தானாகப் பின்னால் உருளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் அவருடைய முதல் கேள்வி, "உங்க தெரு அந்தப் பக்கம் திறக்குதா?" என்பதுதான். முட்டுச்சந்து என்று தெரிந்தால் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு, பீரோவைத் தோளில் வாங்கிக்கொண்டு நடப்பார். அப்படி நடந்து நடந்தே வலது தோள் போனது.

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவள் குடிபோன வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "வேற வீடே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று மருமகனிடமே கேட்டுவிட்டார். மகள் வீட்டு வாசல் வரைக்கும் அவர் வண்டி ஒரு நாளும் போனதில்லை. முனையில் நிறுத்திவிட்டு, பழப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நடந்து போவார்.

இதெல்லாம் வெளியில். வீட்டுக்குள் நடந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

அக்கா வீட்டின் முன்பக்கம் பெரிய தெரு, பின்பக்கம் ஒரு சந்து. வீட்டை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். தெருப்பக்கம் அதற்கொரு பெரிய தகரக் கதவு, பகலில் திறந்தே கிடக்கும். தெருவிலிருந்து ஷெட்டுக்குள் விட்ட வண்டியை எப்படி வெளியே எடுப்பது? அத்தான் யோசித்தார். யோசித்து, ஷெட்டின் பின்சுவரை இடித்துவிட்டார். தெரு வழியாக நுழைவார், சந்து வழியாக வெளியேறுவார். ரிவர்ஸைச் சரி செய்வதைவிட வீட்டை இடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

வழி கிடைத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சந்தில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய தெருவுக்குப் போக அந்த ஷெட்டே குறுக்கு வழியானது. அக்கா சாப்பிட உட்கார்ந்தால் பக்கவாட்டுக் கதவில் யாராவது தலையை நீட்டி, "இன்னைக்கு என்ன சமையல்?" என்பார்கள். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, உலர்த்தியிருந்த துணியை ஒதுக்கச் சொன்னாராம். அக்கா ஒதுக்கினாளாம். நானாக இருந்தால் சைக்கிளை ஒதுக்கியிருப்பேன்.

அக்கா தையல்காரி. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவள் மிஷினிலிருந்துதான் வந்தது, அத்தானே அதை ஒத்துக்கொள்வார். மிஷின் இருந்தது உள்ளறையில். ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் விளக்கு எரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது துணியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியை அழுத்திவிட்டுக்கொள்வாள். கண் டாக்டர் வேறு கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, "கண்ணாடி இருக்கட்டும்மா, முதல்ல வெளிச்சத்துல உக்காருங்க" என்றார். அந்த வீட்டில் வெளிச்சம் இருந்த ஒரே இடத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தார் சீருடை தைக்கும் வேலையை அக்காவுக்குத் தருவதாகச் சொன்னார்கள். கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஆனால் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி தருவோம், நாலு பக்கமும் சுவர் இருக்க வேண்டும், தூசி படக்கூடாது என்றார்கள். அக்கா கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "இங்க ஒரு சுவரும் ஒரு ஜன்னலும் இருந்தா நான் பொழச்சுக்குவேன்" என்றாள்.

அத்தான் தோளைத் தடவிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது. "வித்துடலாம்" என்றார்.

சொன்ன சொல்லை அவர் மாற்ற மாட்டார். நாளைக் கடத்துவார்.

"இப்படியே வித்தா பழைய இரும்புன்னுதான் எடுப்பாங்க மாப்ளே. நல்லபடியா ஆக்கிக் குடு" என்றார். அதில் நியாயம் இருந்தது. லீவு நாளில் போய் கியர் பாக்ஸை இறக்கினேன். ரிவர்ஸுக்கான பல்சக்கரத்தில் பல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உடைந்த துண்டுகள் அடியில், எண்ணெய்க் கசடுக்குள் கிடந்தன.

"இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் ஓட்டினீங்க?" என்று கத்தினேன்.

"ஓடிச்சில்ல" என்றார்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் அலைந்து, அதே மாதிரி வண்டியின் பல்சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மாட்டி முடித்து, ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி சாதுவாகப் பின்னால் நகர்ந்தது. அத்தான் துள்ளிக் குதித்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அக்காகூட அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்கப்புறம்தான் தலைவலி ஆரம்பித்தது. கால் வைக்கும் தகடு துருப்பிடித்து, ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடியும், கீல்களை மாற்றினேன். அத்தான் பட்டி பூசி, ஒற்றைக் கையால் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, வண்டியின் உடம்பை வழுவழுவென்று ஆக்கினார். பிறகு எந்த நிறம் அடிப்பது என்பதற்கே ஒரு வாரம். பச்சை என்பார், காலையில் எழுந்து நீலம் என்பார். கடைசியில் பழைய நிறத்தையே அடித்தோம்.

பக்கக் கண்ணாடிகளை மட்டும் நான் அவரைக் கேட்காமல் மாட்டினேன். பழைய கண்ணாடிகள் ஏதோ சந்துச் சுவரில் இடித்து உடைந்த பிறகு அவர் புதிது வாங்கவே இல்லை. கேட்டால், "பின்னாடி போகாத வண்டிக்குப் பின்னாடி எதுக்குப் பாக்கணும்? வர்றவன் ஹாரன் அடிப்பான்ல" என்பார். இப்போது மாட்டிய கண்ணாடிகளைத் துணியால் துடைத்தார், குனிந்து தன் பல்லைப் பார்த்துக்கொண்டார். பின்னால் என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை.

வண்டி புத்தம் புதுசாக நின்றது. விற்க வேண்டியதுதானே? இருக்கை கிழிந்திருக்கிறது என்றார். அக்கா அன்றைக்கே உட்கார்ந்து உறை தைத்துக் கொடுத்தாள். பின்பலகைக் கொக்கி சத்தம் போடுகிறது என்றார். அதையும் சரி செய்தேன். பள்ளிக்கூடத்தார் வருவதாகச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறக்காமல் அந்த ஜன்னலில்லாத அறையில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் அத்தான் என் பக்கத்தில் வந்து குழைந்தார்.

"ரிவர்ஸ்தான் வந்துடுச்சே மாப்ளே. கொஞ்ச நாள் வச்சிருந்து, பொண்ணு வீட்டு வாசல்ல ஒரு தடவ கொண்டுபோய் நிறுத்திட்டு, அப்புறமா..."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரை வீசியெறிந்தேன். "வண்டிய விக்கப் போறீங்களா, இல்ல புதுசாக் கட்டிக்கப் போறீங்களா? உள்ள ஒருத்தி கண்ணு அவிஞ்சுபோற மாதிரி தச்சுக்கிட்டு இருக்கா. அது தெரியுதா உங்களுக்கு?"

அவர் முகம் சுண்டிப்போனது. உள்ளே போனார். பேசியது சரிதான் என்றாலும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே ஆள் கிடைத்தது. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மா. செடி ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தவர். வந்தார், சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், ஒரு விலை சொன்னார். அத்தான் பேரம்கூடப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பேச்சு அத்தானை ரொம்பத்தான் சுட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை நான் ஒர்க்ஷாப்பில் இருந்தபோது கொத்தனாரை வரவழைத்து, ஷெட்டின் பின்சுவரை எழுப்பச் சொல்லிவிட்டார். வண்டி போன பிறகு கட்டலாம் என்றால் கொத்தனாருக்கு வேறு வேலை இருந்ததாம். அத்தானே செங்கல் எடுத்துக் கொடுத்து, கலவை குழைத்து, ஜன்னலைச் சந்துப் பக்கம் பெரிதாக வைக்கச் சொல்லி, கூட நின்று கட்டியிருக்கிறார். அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புதுப் பெயின்ட் நனைந்துவிடப் போகிறதே என்று வண்டியை எப்போதும் போலத் தெருப்பக்கமாக ஷெட்டுக்குள் விட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது, வண்டி தன் மூக்குக்கு நேரே நின்ற புதுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாற்றுப்பண்ணை அம்மா தெருவோரமாக நின்றிருந்தார். அத்தான் அவருக்குச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். "இனிமே இது என் வீட்டம்மாவுக்குத் தையல் ரூம்" என்று முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, "இருங்க, வண்டிய வெளிய எடுக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கொத்தனாரிடம் பிறகு கேட்டேன். "ரிவர்ஸ்ல எடுப்பாருன்னு நெனச்சேன், எல்லாரும் அப்படித்தானே எடுப்பாங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

அத்தான் கியரைப் பிடித்தார். மூளை ரிவர்ஸ் என்று சொல்லியிருக்கும், கைக்கு அந்த வழக்கமே இல்லை. முதல் கியர் விழுந்தது. வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்து சுவரில் மோதி நின்றது. மேல் வரிசையில் ஒரு செங்கல் கழன்று சந்தில் விழுந்தது. "வழிய மூடினது பத்தாதுன்னு கல்லு வேற போடறீங்களா?" என்று அந்தப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

"இறங்குங்க அத்தான், நான் எடுக்கறேன்" என்று கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மாப்ளே" என்றார் மெதுவாக. "காயாத பச்சைச் சுவருதானே. இடிச்சிட்டா நேராப் போயிடலாம். அப்புறமா மெல்லக் கட்டிக்கலாம்."

பக்கவாட்டுக் கதவில் அக்கா நின்றிருந்தாள். அவள் அதைக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கதவு நிலையைப் பிடித்திருந்த கைதான் இறுகியது. இன்றைக்கு அந்தச் சுவர் விழுந்தால் அது மறுபடி எழும்பாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். புதன்கிழமை பள்ளிக்கூடத்தார் வந்து பார்த்துவிட்டு, மன்னிச்சுக்கங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"இறங்குங்கன்னா!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பி, விடு" என்றாள் அக்கா. "அவரே எடுக்கட்டும். அவர் கொண்டுவந்த வண்டி."

"அக்கா, ரெண்டு பக்கமும் ஒரு முழம்தான் இருக்கு. உரசினா பெயின்ட் போச்சு, அந்தம்மா அப்படியே போயிடுவாங்க."

அவள் வண்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி நடந்து தெருவுக்குப் போனாள். நாற்றுப்பண்ணை அம்மாவிடம், "கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்கம்மா" என்றாள். வண்டிக்குப் பின்னால், ஓட்டுகிறவர் பக்கமாகத் தெரு நடுவில் நின்றாள். அந்தப் பக்கம் வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். என் அக்கா தெருவில் நின்று சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"என்னங்க, கண்ணாடில என்னைத் தெரியுதா?"

அத்தான் தலையைத் திருப்பி அந்தப் புதுக் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

"என்னையே பாத்துக்கிட்டு வாங்க. நான் சொல்ற பக்கம் ஒடிங்க. வாங்க."

இந்தத் தடவை ரிவர்ஸ் விழுந்தது. வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. "வாங்க... வாங்க... லேசா இந்தப் பக்கம்... நேராக்குங்க... வாங்க." துணியில் நேர்கோடு போட்டுப் பழகிய கண். டயர் எங்கே வருகிறது, சுவர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி எனக்கே தெரியவில்லை. பாதி வழியில் அத்தான் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். "நான்தான் நிக்கறேனே, வாங்க" என்றாள். அவர் வந்தார். வண்டியின் பின்பக்கம் வெயிலுக்கு வந்தது, பிறகு கதவு, பிறகு மூக்கு. ஆட்டோக்காரர் கை தட்டினார். இரண்டு பக்கமும் ஒரு கீறல் இல்லை.

நாற்றுப்பண்ணை அம்மா ஏறி, தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார். பேசிய விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. "வண்டி சரி, பின்னாடி நின்னு சொல்ற ஆளையும் சேத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். "அது மட்டும் விக்கறதுக்கில்ல" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் குரல் உடைந்தது.

வண்டி திருப்பத்தில் மறையும் வரை மூன்று பேரும் நின்றோம். அத்தான் அழுவார் என்று நினைத்தேன். அவர் வண்டி போன பக்கம் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரச்சுது?" என்று கேட்டார்.

அக்கா கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். "வண்டிக்கு இப்பதானே கண்ணாடி வந்துச்சு" என்றாள்.

அவர் சந்துக்குப் போய், விழுந்த செங்கலை எடுத்து வந்து, ஊறவைத்துக் கலவை பூசி, அதன் இடத்தில் திரும்ப உட்கார வைத்தார். கெட்ட தோளோடு அந்தக் கையை எப்படி அவ்வளவு உயரம் தூக்கினார் என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை.

பிறகு மிஷினை எடுத்து வரப் போனோம். கனமான பழைய மிஷின், இரும்புக் கால். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். உள்ளறையிலிருந்து பக்கவாட்டுக் கதவு வழியாக ஷெட்டுக்கு இறங்க வேண்டும், அந்த ஒடுங்கிய வழியில் ஒருவர் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். நான் நடக்கிறேன் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டி, முதுகைக் கதவுப் பக்கம் காட்டி நின்றுகொண்டார்.

புது ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் அக்கா நின்றாள்.

"வாங்க" என்றாள். "இன்னும் வாங்க. படி இருக்கு, பாத்துக் கால வைங்க. வாங்க."

அத்தான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.